பகல் நடைக்கும் ஓரிரவு முகாமுக்கும் ஒரே பை போதுமா?

பொங்கோல்மீனா

வணக்கம். இத்தனை நாளாக இங்கே படித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். இப்போது கேட்டே ஆக வேண்டிய நிலை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மகனும் (10 வயது) இங்கே சிங்கப்பூரில் மெக்ரிட்சி, புக்கிட் தீமா, நடைவழியாக மாறிய பழைய ரயில் பாதை என்று நடக்கப் போகிறோம். அவனுடைய பழைய பள்ளிப் பையும் என் ஆபீஸ் லேப்டாப் பையும்தான் இதுவரை ஓடிக்கொண்டிருக்கின்றன. ஜூன் விடுமுறையில் புலாவ் உபின் தீவில் ஓரிரவு கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. ஆண்டு இறுதியில் தோழிகளோடு மலேசியாவின் குனோங் லேடாங் மலைக்குப் போகும் பேச்சும் இருக்கிறது. அது ஒரே நாளில் ஏறி இறங்குவது.

மூன்றுக்குமாகச் சேர்த்து 40 லிட்டரில் ஒரே பையாக வாங்கிவிடலாமா, இரண்டு வேண்டுமா? கையில் 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை இருக்கிறது. என் உயரம் 157 செ.மீ., எடை 55 கிலோ. கணவருக்கு மலையும் வேண்டாம், கொசுவும் வேண்டாம். தூக்குவது நான்தான்.

ரயில்பாதைராஜா

மீனா, பையை அப்புறம் பார்க்கலாம். உபினுக்குக் கொண்டுபோக நினைக்கிற சாமான் எல்லாவற்றையும் முதலில் ஹாலில் பரப்புங்கள். சின்னதைச் சமையலறைத் தராசில் நிறுங்கள். கூடாரம் மாதிரிப் பெரியதைக் கையில் வைத்துக்கொண்டு எடை பார்க்கும் மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். கடையில் எல்லாரும் லிட்டரைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். லிட்டர் வெறும் இடம். தோளில் உட்கார்வது கிலோ.

பகல் நடைக்கு உடல் எடையில் 10 விழுக்காடு, இரவு தங்குவதற்கு 20 விழுக்காடு என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. உங்களுக்கு ஐந்தரையும் பதினொன்றும். நான் ஒரு உத்தேசம் போட்டுப் பார்க்கிறேன்: இருவர் படுக்கிற சாதாரணக் கூடாரம் 2.5 கிலோ, இரண்டு ஃபோம் பாய் 1, இரண்டு மெல்லிய போர்வை 0.6, இருவர் துணி 1.2, சாப்பாடு 1.5, தண்ணீர் 3 லிட்டர் அதாவது 3 கிலோ, டார்ச், பவர் பேங்க், முதலுதவி, கொசு மருந்து எல்லாம் 0.8. கூட்டினால் 10.6. பையே ஒன்றேகால் கிலோவுக்குக் குறையாது. ஏறத்தாழ 12 கிலோ ஆகிவிட்டது.

ஆக, தம்பியின் துணியும் ஒரு லிட்டர் தண்ணீரும் தம்பி முதுகுக்குப் போகட்டும். அவனுக்கும் அதே 10 விழுக்காட்டுக் கணக்குதான். 30 கிலோ இருந்தால் 3 கிலோவுக்கு மேல் வேண்டாம். அந்தப் பள்ளிப் பையே போதும்.

இந்தச் சுமைக்கு 36 முதல் 40 லிட்டர் சரி. 50, 60 லிட்டர் பக்கம் போகாதீர்கள். இடம் இருந்தால் நிரப்பத்தான் தோன்றும். ஆனால் அதே பையை மெக்ரிட்சிக்கும் எடுத்துப்போகலாமா என்றால், எடுத்துப்போகலாம், பிடிக்காது. 10 கிலோமீட்டர் சுற்றுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு குடை, ஒரு டீ-சட்டை, கொஞ்சம் தின்பண்டம், அவ்வளவுதான் சாமான். 18, 20 லிட்டருக்கு மேல் எதற்கு? என் ஓட்டு இரண்டு பைக்கு.

ஃபீல்ட்பேக்செந்தில்

அக்கா, 200 வெள்ளியெல்லாம் எதற்கு? பீச் ரோடு கோல்டன் மைல் உணவு நிலையத்தின் மாடியில் ஆர்மி மார்க்கெட் இருக்கிறது. ஃபீல்ட் பேக் மாதிரியான பைகளைப் பாதி விலையில் வாங்கலாம். நாங்கள் தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பயிற்சியில்) 24 கிலோமீட்டர் ரூட் மார்ச் போனது அந்த மாதிரிப் பையோடுதான். பை கிழியவே கிழியாது.

சாரதா_தெலுக்பிளாங்கா

செந்தில் தம்பி, அப்போது உனக்கு இருபது வயது. பின்னால் சார்ஜெண்ட் வேறு நின்றிருப்பார்.

ஃபீல்ட்பேக்செந்தில்

அது உண்மைதான் அக்கா. முட்டி இப்போது தினமும் ஞாபகப்படுத்துகிறது.

சாரதா_தெலுக்பிளாங்கா

மீனா, நான் தாதியாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். சதர்ன் ரிட்ஜஸ் நடைபாதை எனக்கு வீட்டுப் பின்கட்டு மாதிரி, தினமும் நடப்பேன். எத்தனை லிட்டர், எந்தப் பிராண்ட் என்று எல்லாரும் சொல்வார்கள். உங்கள் முதுகை யாரும் அளக்கச் சொல்ல மாட்டார்கள். 157 செ.மீ. என்று உயரத்தைச் சொன்னீர்கள் அல்லவா? பைக்கு அது உதவாது. ஒரே உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளமாக இருக்கும், இன்னொருவருக்கு முதுகு நீளமாக இருக்கும்.

மகனைக் கூப்பிட்டுத் தையல் டேப்பைக் கையில் கொடுங்கள். தலையை முன்னால் குனியுங்கள். பின்கழுத்து தோளோடு சேரும் இடத்தில் ஒரு எலும்பு முடிச்சு மாதிரித் துருத்தும். அது கழுத்தெலும்பில் ஏழாவது. அளவு அங்கேதான் தொடங்குகிறது. பிறகு இடுப்பில் இரண்டு பக்கமும் விரலால் அழுத்தி மேட்டெலும்பைக் கண்டுபிடியுங்கள். அதன் மேல்விளிம்பில் கை வைத்து, கட்டைவிரல்கள் முதுகுப் பக்கம் வரட்டும். இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து நேர்க்கோடு போட்டால் அது முதுகுத்தண்டைத் தொடுகிற புள்ளி முடிவு. முதுகின் வளைவோடு டேப்பை ஒட்டி அளக்க வேண்டும், விறைப்பாக இழுத்துப் பிடிக்கக் கூடாது. உங்கள் உயரத்துக்கு 40 செ.மீ.க்குப் பக்கத்தில் வரலாம் என்று நினைக்கிறேன், அளந்துதான் சொல்ல முடியும்.

அந்த அளவுக்கு ஏற்ற பைதான் வேண்டும். எஸ், எம் என்று போட்டிருப்பார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும், உள்ளே சென்டிமீட்டர் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தோள்வாரை மேலே கீழே நகர்த்திப் பொருத்துகிற வகை கிடைத்தால் நல்லது. டாய்ட்டர் நிறுவனத்தில் பெண்களுக்கு எஸ்எல் என்று தனி வரிசை உண்டு. தோள்வார் ஒடுக்கம், இடுப்புப் பட்டை கொஞ்சம் கூம்பாக இருக்கும். ஆஸ்ப்ரேயில் டெம்பெஸ்ட் பெண்களுக்கானது, ஆண்களுக்கு அதையே டேலன் என்று விற்கிறார்கள். பெண்களுக்கானது என்பதால் வாங்க வேண்டியதில்லை, உடம்புக்குப் பொருந்தினால் வாங்குங்கள்.

ரயில்பாதைராஜா

சாரதா அக்கா சொல்வதுதான் முதல் வேலை. அதோடு ஒன்று. கடைக்குப் போகும்போது ஒன்றரை லிட்டர் தண்ணீர் போத்தல் நாலு எடுத்துப் போங்கள். 6 கிலோ. வெறும் பையை மாட்டிப் பார்த்தால் எல்லாப் பையும் சுகமாகத்தான் இருக்கும்.

மாட்டுகிற வரிசையும் முக்கியம். எல்லா வாரையும் முழுக்கத் தளர்த்திவிட்டு மாட்டுங்கள். முதலில் இடுப்புப் பட்டை. பட்டையின் மெத்தை இடுப்பெலும்பின் விளிம்பு மேல் உட்கார வேண்டும், பாதி மேலே பாதி கீழே. தொப்புளுக்கு நேராக வயிற்றைக் கட்டினால் தவறு, அது சாப்பாட்டைத்தான் அழுத்தும். பக்கிளைப் போட்டு இறுக்கிய பிறகு தோள்வாரை இழுங்கள், முதுகைத் தொட்டால் போதும். தோள்வாரின் மேற்பகுதியிலிருந்து பையின் தலைக்குப் போகிற சின்ன வார் இருக்கிறதே, லோடு லிஃப்டர், அது சுமார் 45 டிகிரி சாய்வில் நிற்க வேண்டும். படுத்துக் கிடந்தால் பையின் அளவு உங்களுக்குப் பொருந்தவில்லை, இல்லாவிட்டால் தோள்வாரைத் தப்பான உயரத்தில் பொருத்தியிருக்கிறீர்கள். கடைசியில் நெஞ்சுப் பட்டை, காறையெலும்புக்கு இரண்டு விரல் கீழே, மூச்சு விடும் அளவுக்கு.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. தோள்வாருக்கும் தோளுக்கும் நடுவே விரலை நுழையுங்கள். சுலபமாக நுழைந்தால் சுமை இடுப்பில் இருக்கிறது என்று அர்த்தம். பத்தில் ஏழெட்டுப் பங்கு அங்கேதான் இருக்க வேண்டும். அப்படியே கடையின் படிக்கட்டில் இருபது நிமிடம் ஏறி இறங்குங்கள். விற்பனையாளர் பார்க்கிறார் என்று கூச்சப்படாதீர்கள்.

ஃபீல்ட்பேக்செந்தில்

சரி, ஆர்மி பையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அதன் கனம் அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ராணுவத்தில் படித்த ஒன்றை மட்டும் விட மாட்டேன். எல்லாத் துணியும் ஜிப்லாக் பையில். ஒரு செட்டுக்கு ஒரு பை. உள்ளிருக்கும் காற்றை உட்கார்ந்து அமுக்கி வெளியேற்றிவிட்டு மூடினால் துணி பாதி இடம்தான் பிடிக்கும். நடு ராத்திரியில் இருட்டில் கையை விட்டாலே சாக்ஸ் எது, சட்டை எது என்று தெரியும்.

மெஷ்முதுகு

யாரும் வியர்வையைப் பற்றிப் பேசவில்லையே? இது சிங்கப்பூர். காலை எட்டு மணிக்கே சட்டை ஊறிவிடுகிறது. முதுகில் ஒட்டாமல் வலை கட்டி நிறுத்துகிற வகை வாங்குங்கள். டாய்ட்டர் 1984-லேயே ஏர்கம்ஃபர்ட் என்று அதைக் கொண்டுவந்துவிட்டது. இப்போது எல்லாரும் செய்கிறார்கள். முதுகுக்கும் பைக்கும் நடுவே காற்று போகும். நான் வேறு எதையும் தொடுவதில்லை.

ஜோகூர்க்காரன்_வாரஇறுதி

வலை முதுகு மெக்ரிட்சிக்கு நன்றாக இருக்கும், லேடாங்குக்குச் சொல்ல மாட்டேன். அங்கே 1,276 மீட்டர் உச்சிக்கு நெருங்கும்போது ஏணியும் கயிறும் வரும். இரண்டு கையாலும் பிடித்து ஏற வேண்டும். வலை வகையில் சுமை முதுகிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் விலகி நிற்கிறது. யாரோ சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுக்கிற மாதிரி இருக்கும். வளைந்த கம்பி உள்ளே வந்து இடத்தையும் அடைத்துக்கொள்கிறது, நேராக ஒரு தண்ணீர்ப்பை கூட உள்ளே இறங்காது.

மெஷ்முதுகு

6 கிலோவுக்குள் அந்த இழுப்பு தெரியாது.

ஜோகூர்க்காரன்_வாரஇறுதி

6 கிலோவுக்குள் சரி. 11 கிலோவுக்குத் தெரியும். மீனா கேட்டது இரண்டுக்கும்.

மெஷ்முதுகு

ஒட்டுகிற பையைப் போட்டுக்கொண்டு பிற்பகல் இரண்டு மணிக்கு ரயில் பாதையில் நடந்து பாருங்கள், பிறகு பேசலாம். ஹில்வியூ தாண்டினால் நிழல் இருக்கிறது, மற்ற இடமெல்லாம் வெயில்தான்.

சாரதா_தெலுக்பிளாங்கா

பிற்பகல் இரண்டு மணிக்கு நடக்கச் சொன்னது யார்? ஏழு மணிக்குக் கிளம்பிப் பத்தரைக்குள் முடியுங்கள். இங்கே ஈரப்பதம் சராசரியாகவே 80 விழுக்காட்டுக்கு மேல். எந்த முதுகு வாங்கினாலும் சட்டை நனையத்தான் போகிறது. வலையால் நனைவது கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவே. நான் மெத்தையில் பள்ளம் விட்ட சாதாரண முதுகையே வைத்திருக்கிறேன், பையில் ஒரு டவலும் மாற்றுச் சட்டையும் இருக்கும்.

மீனா, தண்ணீரை மறக்காதீர்கள். மணிக்கு அரை லிட்டர் என்று கணக்கு வையுங்கள், பையனுக்கும் சேர்த்து. தாகம் எடுத்தபின் குடிப்பது இந்த ஊர் வெயிலுக்குத் தாமதம்.

பொங்கோல்மீனா

முதுகு அளந்தாயிற்று! 41 செ.மீ. மகன் மூன்று தடவை அளந்தான், மூன்று தடவையும் கிச்சுக்கிச்சு மூட்டிவிட்டான்.

ராஜா அண்ணா சொன்ன மாதிரி தாளில் எழுதினேன். சாப்பாடே 3 கிலோ வந்தது. அம்மா புளியோதரை கட்டித் தருகிறார், அதோடு வடை, முறுக்கு, அவனுக்குப் பால் பாக்கெட். எதைக் குறைப்பது? அடுப்பு கொண்டுபோனால் சாப்பாட்டைக் குறைக்கலாமா?

ரயில்பாதைராஜா

அடுப்பு வேண்டாம். பொங்கோலிலிருந்து எம்ஆர்டி ரயிலில் வருவீர்கள் என்று நினைக்கிறேன். ரயிலில் தீப்பற்றும் பொருட்களுக்குத் தடை, 5,000 வெள்ளி வரை அபராதம் என்று பலகையே இருக்கிறது. கேஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு ஏறுவது வம்பை விலைக்கு வாங்குவது.

புளியோதரை போதும், பால் பாக்கெட்டை விடுங்கள். உபின் படகுத்துறைக்குப் பக்கத்திலேயே கடைகள் இருக்கின்றன. குளிர்பானம், இளநீர், சாப்பாடு கிடைக்கும், மாலையில் மட்டும் சீக்கிரம் மூடுகிறார்கள். தண்ணீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உபினுக்குப் பெருந்தீவிலிருந்து குழாய்த் தண்ணீர் போவதில்லை, கிணறுதான். முகாம் இடத்துத் தண்ணீர் குடிக்க ஆகாது. அதனால் படகு ஏறும் சாங்கியிலிருந்தே போத்தல்களைச் சுமக்காமல் படகுத்துறைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜெலுத்தோங் முகாம் இடத்தில் தங்கினால் துறையிலிருந்து கொஞ்ச தூரம்தான், இரண்டு நடை நடந்துகூடக் கொண்டுவரலாம். மாமாம் தள்ளி இருக்கிறது, அங்கே போனால் ஒவ்வொரு கிராமும் உறைக்கும். முதல் தடவைக்கு ஜெலுத்தோங்.

மழைக்காகம்

மழையை மறந்துவிட்டீர்கள் எல்லாரும். பையோடு ஒரு ரெயின் கவர் வரும், அடியில் ஜிப்புக்குள் மடித்து வைத்திருப்பார்கள். அதை நம்பிப் படுக்காதீர்கள். கவர் வெளிப்பக்கத்தைத்தான் மூடும். உங்கள் முதுகு வழியாக ஓடுகிற தண்ணீர் முதுகு மெத்தை, தோள்வார் தையல் வழியே உள்ளே போகும். இங்கே பெய்கிற மழை சாய்ந்து அடிக்கும். காற்றில் கவர் பறந்துபோவதும் உண்டு. நடு மழையில் மாட்டுவதற்காகப் பையைக் கழற்றி நிற்பதற்குள் நனைய வேண்டியது நனைந்துவிடும்.

உள்ளே ஒரு பெரிய கறுப்புக் குப்பைப் பை, கனமான வகை. பைக்குள் அதை விரித்து, நனையக் கூடாததை எல்லாம் அதற்குள் போட்டு, வாயை முறுக்கி மடித்து உள்ளே செருகுங்கள். வெளியே வெள்ளமே வந்தாலும் துணி உலர்ந்திருக்கும். விலை சில காசு. கூடாரத்தை மட்டும் அந்தப் பைக்கு வெளியே வையுங்கள். காலையில் அது பனியிலோ மழையிலோ நனைந்துதான் திரும்பி வரும்.

இடி கேட்டால் பைக் கணக்கெல்லாம் நிற்கட்டும். மரத்தடியில் ஒதுங்காதீர்கள், மூடிய கட்டடமாகப் பார்த்துப் போங்கள்.

ஃபீல்ட்பேக்செந்தில்

குப்பைப் பைக்கு ஒரு கும்பிடு. ஜிப்லாக் உள்ளே, குப்பைப் பை வெளியே. என் சார்ஜெண்ட் படித்தால் கண்ணீர் விடுவார்.

வால்நீளம்

ஒரு விஷயம். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டு மெக்ரிட்சியில் நடக்காதீர்கள். குரங்குக்கு அந்தச் சரசரப்பு சாப்பாட்டு மணி. 2023 ஜூலையிலிருந்து பெரிய பேரங்காடிகளில் பைக்கு 5 காசு வாங்க ஆரம்பித்ததும் பிளாஸ்டிக் பை குறையும், குரங்குகள் மறந்துபோகும் என்று பார்த்தேன். மறக்கவில்லை. தண்ணீர்ப் போத்தலைப் பக்கவாட்டு வலைப்பையில் வைக்கலாம், பிஸ்கட்டை வைக்கக் கூடாது. முறுக்கு பையின் அடியில் போகட்டும். இரக்கப்பட்டு ஒரு துண்டு போட்டால், முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம்.

உபினில் இது காட்டுப்பன்றி. இரவில் கூடாரத்துக்குள் சாப்பாடு வைத்துப் படுக்காதீர்கள், கூடாரத்துணியை மூக்கால் கிழித்துவிடும். டப்பாவில் இறுக்க மூடிக் கட்டுங்கள். மீதி சோற்றைப் புதரில் கொட்டாதீர்கள்.

பொங்கோல்மீனா

பன்றி என்றதும் மகன் இன்னும் ஆர்வமாகிவிட்டான். எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

எதை எங்கே அடுக்குவது? செந்தில், நீங்கள் சொல்லுங்கள்.

ஃபீல்ட்பேக்செந்தில்

அக்கா, அடியில் போர்வையும் இரவு உடையும், முகாம் போய்ச் சேரும்வரை கை படாதது. அதன் மேல், முதுகை ஒட்டினாற்போல, கனமானது: தண்ணீர், புளியோதரை டப்பா. தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே அந்தக் கனம் வந்தால் பை உடம்போடு ஒட்டி நிற்கும். அடியில் வைத்தால் பின்னால் தொங்கும், உச்சியில் வைத்தால் ஆடும். கனத்துக்கு வெளிப்பக்கம் துணி. மேலே மழைச்சட்டை, முதலுதவி, ஹெட்லேம்ப். ஹெட்லேம்ப் மேலேதான், ஏழரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அப்போது பையைக் கவிழ்த்துத் தேட முடியாது.

இடது வலது சமமா என்று பாருங்கள். ஒரு பக்கம் ஒன்றரை லிட்டர் போத்தலும் மறுபக்கம் வெறும் வலையும் என்றால் வீடு திரும்பும்போது ஒரு தோள் இறங்கியிருக்கும். ஃபோம் பாயை வெளியே பக்கவாட்டு வாரில் கட்டலாம், ஆனால் பஸ்ஸில் கதவை இடிக்கும். நிமிர்த்திக் கட்டுங்கள், குறுக்கே வேண்டாம்.

சாரதா_தெலுக்பிளாங்கா

ஸ்லீப்பிங் பேக் யாரும் சொல்லாதது நல்லது. இங்கே இரவில் 25 டிகிரிக்கு அதில் படுத்தால் வேகும். பருத்தி விரிப்பு ஒன்று போதும். கொசுவுக்கு மருந்து, மணல்பூச்சிக்கு முழுக்கால் சட்டை. மணல்பூச்சி கடித்தால் வாரக்கணக்கில் சொறிவீர்கள், கொசு அதற்குத் தேவலை.

மெஷ்முதுகு

நான் இன்னமும் வலை முதுகுக்குத்தான்.

மழைக்காகம்

தெரியும்.

இன்னொரு விஷயம், வாங்கியபின் எங்கே வைப்பது? பல வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் இந்த மாதிரிச் சாமான் பாம் ஷெல்டருக்கு, அதாவது வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறைக்குப் போகும். அது காற்றில்லாத இடம். பைத் துணியின் உள்பக்கம் பாலியூரித்தேன் பூச்சு இருக்கிறது. ஈரத்தில் நாள்பட்டால் நீராற்பகுப்பில் அது சிதைந்து பிசுபிசுவென்று ஆகும், ஒரு மாதிரி புளிச்ச வாடை வரும், செதில் செதிலாக உதிரும். தைத்துச் சரிசெய்ய முடியாது. அலமாரியில் எடுக்காமல் வைத்த ஷூவின் அடிப்பகுதி ஒரு நாள் நடுவழியில் பெயர்ந்து விழுகிறதே, அதற்கும் காரணம் இதே. பையானாலும் ஷூவானாலும் பூட்டி வைத்தால் கெடும்.

நடந்து வந்த அன்றே எல்லா ஜிப்பையும் திறந்து, தலைகீழாக உதறி, வியர்வை பட்ட இடத்தை மிருதுவான சோப்புத் தண்ணீரில் துடைத்து, நிழலில் தொங்கவிடுங்கள். வாஷிங் மெஷினில் போடாதீர்கள், பூச்சு போய்விடும். மூங்கில் கழியில் வெயிலில் ஒரு நாள் முழுக்கக் காயப்போடுவதும் நைலானுக்கு ஆகாது. பிறகு காற்றோட்டமான ரூமில் ஆணியில் மாட்டி வையுங்கள். தண்ணீர்ப்பை, குழாய் வைத்த வகை, வாங்கினால் காலி செய்து ஃப்ரீசரில் வைக்கலாம், பூஞ்சை பிடிக்காது. அடுத்த முறை நேராக நிரப்பலாம்.

ஜோகூர்க்காரன்_வாரஇறுதி

லேடாங் பற்றி. ஆண்டு இறுதி வடகிழக்குப் பருவமழைக் காலம், பாதை வழுக்கும், ஏணியெல்லாம் ஈரம். முடிந்தால் பிப்ரவரி, மார்ச்சுக்குத் தள்ளுங்கள். பூங்கா அனுமதியும் வழிகாட்டியும் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். பையைப் பொறுத்தவரை மூன்று லிட்டர் தண்ணீர், மதியச் சாப்பாடு, மழைச்சட்டை, மாற்றுத்துணி. 20 லிட்டர் போதும், 40 லிட்டர் வேண்டாம். பெரிய பையில் கம்ப்ரெஷன் வார் இருந்து பக்கவாட்டில் இறுக்கினாலும் அதன் தலைப்பகுதி கிளையில் மாட்டும். விரலுக்குத் தகுந்த வீக்கம்.

ரயில்பாதைராஜா

அதைத்தான் முதலில் சொன்னேன். ஒரு ஃபிரேம் வைத்த 38 லிட்டர், ஒரு மலிவான 20 லிட்டர். டெகாத்லான் கடையில் 20 லிட்டர் பகல் பை மலிவாகக் கிடைக்கும், அதில் நல்ல இடுப்புப் பட்டை தேட வேண்டாம், அந்த எடைக்குத் தேவையும் இல்லை. பணத்தைப் பெரிய பையில் போடுங்கள். உபின் பயணம் ஆண்டுக்கு ஒரு தடவைதான் என்றால் பெரியதை யாரிடமாவது இரவல் வாங்கிப் பாருங்கள். ஆனால் முதுகு அளவு பொருந்தினால்தான்.

மெஷ்முதுகு

இரவல் பையை 41 செ.மீ. முதுகுக்குத் தேடிப் பாருங்கள், கிடைத்தால் சொல்லுங்கள்.

பொங்கோல்மீனா

நேற்றுக் கடைக்குப் போனோம். போத்தல் நாலும் எடுத்துப்போனேன், பாதுகாவலர் பையைத் திறந்து பார்த்துச் சிரித்தார்.

முதலில் மாட்டியது மிக அழகாக இருந்தது, ஆனால் லோடு லிஃப்டர் கிடையாகப் படுத்திருந்தது, அளவு எம். அடுத்தது முதுகு நீளத்தை நகர்த்தும் வகை, 38 லிட்டர். கீழ் எல்லைக்குப் பக்கத்தில் வைத்ததும் இடுப்புப் பட்டை எலும்பில் உட்கார்ந்தது. விரல் நுழைந்தது. 6 கிலோவோடு கடையைச் சுற்றினேன். மகன் பின்னாலேயே வந்து கணக்குப் பார்த்தான். முதுகுப் பகுதி வலை இல்லை, பள்ளம் விட்ட மெத்தை. மெஷ்முதுகு அண்ணன் மன்னிக்க வேண்டும். 165 வெள்ளி. மீதிக்கு 20 லிட்டர் பகல் பை ஒன்று, அதை இந்த ஞாயிறு மெக்ரிட்சிக்கு எடுத்துப் போகிறோம். திங்களன்று அங்கே மரவுச்சி நடைபாதை (ட்ரீடாப் வாக்) மூடியிருக்குமாம், ஞாயிறு என்பதால் கவலையில்லை.

கடைசிச் சந்தேகம். கூடாரக் கம்பிகள் பைக்குள் இறங்கவில்லை, நீளமாக இருக்கின்றன. வெளியே எப்படிக் கட்டுவது?

ரயில்பாதைராஜா

கம்பிகளைத் துணியோடு சுருட்டாமல் தனியாகப் பிரித்து எடுங்கள். பக்கவாட்டு வலைப்பையில் நிமிர்த்திச் செருகி, மேலே கம்ப்ரெஷன் வாரைச் சுற்றி இறுக்குங்கள். கீழ்முனையில் ஒரு பழைய சாக்ஸ் மாட்டினால் வலை கிழியாது. போத்தல் மறுபக்கத்துக்குப் போகட்டும், கனம் சமமாகும்.

படகு 12 பேர் சேர்ந்தால் கிளம்பும். ஏறும்போது இடுப்புப் பட்டை, நெஞ்சுப் பட்டை இரண்டையும் கழற்றிவிட்டு, பையை முதலில் உள்ளே கொடுத்துவிட்டுப் பிறகு நீங்கள் ஏறுங்கள். இறங்கும்போதும் அப்படியே. பையனுக்கு உயிர்காப்புச் சட்டை வாங்கிப் போட்டுவிடுங்கள்.